பாலைவனச் சிங்கம் உமர் முக்தார்

முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பரில் ஓய்ந்தது. இரண்டாம் உலகப் போர் 1939ஆம் ஆண்டு செப்டம்பரில் மூண்டது. இடைப்பட்ட இருபத்தோராண்டுக் காலம் மனிதகுல வரலாற்றில் ஒரு விந்தையான காலம். மன்னராட்சிகள் பல சரிந்து மக்களாட்சி மலரும் என்று உலகம் எதிர்பார்த்திருந்த வேளையில், நாட்டுக்கு நாடு வல்லாட்சியாளர்கள் தலையெடுத்தனர். இத்தாலியில் 1922இல் முசோலினி, ஸ்பெயினில் 1923இல் பிரிமோ தெ ரிவேரா, போலந்தில் 1926இல் பில்சுத்ஸ்கி, போர்த்துக்கலில் 1932இல் சலாசார், ஜெர்மனியில் 1933இல் ஹிட்லர் என அப்பட்டியல் நீளும்.

நம் வரலாற்றுப் பாடநூல்கள் இவர்தம் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விரிவாகவே பேசுகின்றன. ஆயினும், ஒரு பாறையின் எடையை அதன் மேல் நிற்பவன் அறியான். அடியில் அகப்பட்டவனே அறிவான். வல்லாட்சியின் எடையை உணர வேண்டுமாயின் அதனடியில் அகப்பட்ட மக்களின் கதையைக் கேட்க வேண்டும். முசோலினியின் வல்லாட்சி எத்தகையது என்பதை ஐரோப்பிய நாடுகள் உணர்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே லிபிய நாட்டு மக்கள் உணர்ந்துவிட்டனர். அம்மக்களை முன்னின்று நடத்தியவர், சிறுவர்க்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்த ஓர் ஆசிரியர். அவர்தாம் உமர் முக்தார்.

இளமையும் கல்வியும்

கிழக்கு லிபியாவைச் சைரெனைக்கா என்று ஐரோப்பியரும், பர்க்கா என்று அரபு மக்களும் வழங்குவர். அப்பகுதியில், தப்ரூக் நகருக்கு அண்மையிலுள்ள ஜன்சூர் என்னும் சிற்றூரில், மனஃபா குலத்தில் உமர் முக்தார் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டு 1858 என்பர் சிலர். 1862 என்பர் வேறு சிலர். தந்தையார் ஹஜ் பயணம் மேற்கொண்ட வழியிலேயே இறையடி சேர்ந்தார். தந்தையை இழந்த சிறுவரைச் சனூசி இயக்கத்தின் கல்விக்கூடங்கள் அரவணைத்துக் கொண்டன.

சனூசி இயக்கத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். அல்ஜீரியாவில் 1787இல் பிறந்த முகம்மது இப்னு அலீ அஸ்-சனூசி என்னும் பேரறிஞர் தோற்றுவித்த ஆன்மிக இயக்கம் அது. சைரெனைக்காவில் அதன் முதல் ஸாவியா 1843இல் அல்-பைளாவில் எழுந்தது. ஸாவியா என்பது தொழுகையிடமாகவும், ஓதும் பள்ளியாகவும், வழிப்போக்கர் தங்கும் சத்திரமாகவும், குலங்களுக்கிடையே எழும் வழக்குகளைத் தீர்க்கும் மன்றமாகவும் ஒருங்கே விளங்கிய அமைப்பு. ஓயாது இடம்பெயரும் மேய்ச்சல் மக்களை ஒரு சமுதாயமாகப் பிணைத்த கயிறு அதுவே. பின்னாளில் இத்தாலியர் இந்த ஸாவியாக்களைக் குறி வைத்து அழித்ததன் காரணமும் அதுவே.

இவ்வியக்கத்தின் தலைமையிடமாக இருந்த ஜக்பூப் பாலைச்சோலையில் உமர் முக்தார் எட்டாண்டுகள் பயின்றார். அவருடைய ஒழுக்கத்தையும் அறிவுக் கூர்மையையும் கண்ட இயக்கத் தலைவர் முகம்மது அல்-மஹ்தி, 1897இல் அவரை ஜபல் அக்ளர் எனப்படும் பசுமலைப் பகுதியிலுள்ள அல்-கசூர் ஸாவியாவின் ஷைகாக அமர்த்தினார். இடையே தெற்கே சென்று, இன்றைய சாட் நாட்டுப் பகுதியில் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்த சனூசிகளுடனும் அவர் பணியாற்றியதுண்டு. எனினும் ஐம்பது வயதை எட்டும் வரை அவரை உலகம் அறியாது. அவர் ஓர் ஊர் ஆசிரியர், அவ்வளவே.

இத்தாலியின் வருகை

1911ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இத்தாலி, உதுமானியப் பேரரசின் மீது போர் அறிவித்தது. சில நாள்களில் திரிப்போலி வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் இத்தாலிய விமானி ஒருவர் திரிப்போலியை அடுத்த ஐன் ஸாராவின் மேல் பறந்து கையால் குண்டுகளை வீசினார். விமானத்திலிருந்து குண்டு வீசிப் போரிடும் வழக்கம் உலகில் தோன்றியது அன்றுதான். பின்னர் இலண்டனையும் டிரெஸ்டனையும் எரித்த கலை, லிபிய மண்ணில்தான் முதற்பாடம் பயின்றது.

ஒன்றை இங்கு நடுநிலையோடு நோக்க வேண்டும். அன்று இத்தாலியை ஆண்டவர் முசோலினி அல்லர். நாடாளுமன்றமும் தேர்தலும் கொண்ட ஒரு மிதவாத அரசே படையெடுத்தது. அதன் தலைமையமைச்சர் ஜியோலித்தி. ஆகவே, பிறர் நாட்டைக் கவரும் ஆசை வல்லாட்சியோடு பிறந்ததன்று. ஆயினும் அந்த மிதவாத அரசுகட்கு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி இருந்தது. கேள்வி கேட்கும் செய்தித்தாள்கள் இருந்தன. செலவுக் கணக்கைப் பார்த்து முகஞ்சுளிக்கும் மக்கள் இருந்தனர். 1912 அக்டோபரில் உதுமானியர் விலகிய பின்னரும் லிபிய மக்கள் போரை நிறுத்தவில்லை. உலகப் போரின் நடுவே இத்தாலியின் பிடி கடலோர நகரங்களளவில் சுருங்கிற்று. எனவே 1917இலும் 1920இலும் உடன்படிக்கைகள் செய்துகொண்ட இத்தாலி, சனூசித் தலைவர் இத்ரீசை உள்நாட்டுப் பகுதியின் தன்னாட்சி அமீராக ஏற்றது. சைரெனைக்காவில் ஒரு மக்கள் மன்றமும் கூடிற்று. அமைதி வரும் என்ற நம்பிக்கை துளிர்த்தது.

கருஞ்சட்டையரின் எழுச்சி

அந்நம்பிக்கையைக் கருக்கியது ரோமாபுரியில் வீசிய காற்று. உலகப் போரில் வென்ற அணியில் இருந்தும் இத்தாலிக்கு உரிய பரிசு கிட்டவில்லை என்ற மனக்குறை அந்நாட்டில் பரவியிருந்தது. விலைவாசி ஏறியது, வேலையின்மை பெருகியது, ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடர்ந்தது. செல்வர் பொதுவுடைமையை அஞ்சினர்; நடுத்தர மக்கள் குழப்பத்தை அஞ்சினர். இவ்வச்சங்களை மூலதனமாக்கிக் கொண்டவர் முசோலினி. 1919 மார்ச்சில் மிலான் நகரில் அவர் தொடங்கிய இயக்கம், கருஞ்சட்டை அணிந்த அடியாள் படைகளைக் கொண்டு தொழிற்சங்கங்களையும் செய்தித்தாள் அலுவலகங்களையும் தாக்கியது.

1922 அக்டோபர் இறுதியில் கருஞ்சட்டையர் ரோமாபுரியை நோக்கி அணிவகுத்தனர். அவர்களைத் தடுக்க இராணுவச் சட்டம் பிறப்பிக்குமாறு அமைச்சரவை கோரியது. மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையொப்பமிட மறுத்தார். முசோலினியே தலைமையமைச்சரானார். 1924 ஜூனில், தேர்தல் முறைகேட்டை அவையில் அம்பலப்படுத்திய மத்தியோத்தி என்னும் உறுப்பினர் கொல்லப்பட்டார். 1925 ஜனவரியில் முசோலினி நாடாளுமன்றத்திலேயே வெளிப்படையாக வல்லாட்சியை நிலைநாட்டினார். 1926க்குள் எதிர்க்கட்சிகளும் சுதந்திரச் செய்தித்தாள்களும் இல்லாதொழிந்தன.

ரோமாபுரியில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் வாய் அடைக்கப்பட்டால் கடல் கடந்த லிபியாவில் ஓர் இடையனின் குடில் எரியும் என்று அன்று எவரேனும் நினைத்திருப்பரா? ஆனால் நடந்தது அதுதான். பழைய அரசின் கைகளைச் சற்றேனும் பிடித்திழுத்த தடைகள் யாவும் அறுந்தன. 1923இல் உடன்படிக்கைகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1922 டிசம்பரில், அமீர் இத்ரீஸ் எகிப்துக்குச் சென்றுவிட்டார். மலையில் எஞ்சிய மக்களை வழிநடத்தும் பொறுப்பு, அறுபதைத் தாண்டிய அந்த ஓதும் பள்ளி ஆசிரியரின் தோள்களில் விழுந்தது. அவர் 1923இல் எகிப்து சென்று இத்ரீசைச் சந்தித்தார். அங்கேயே தங்கி முதுமையை அமைதியாகக் கழித்திருக்கலாம். அவரோ மலைக்கே மீண்டார்.

இரவின் அரசாங்கம்

அதன்பின் எட்டாண்டுகள் நடந்த போர் வியப்புக்குரியது. ஒருபுறம் விமானங்களும் கவச வண்டிகளும் பீரங்கிகளும் கொண்ட ஒரு வல்லரசு. மறுபுறம் துப்பாக்கி ஏந்திய குதிரை வீரர்கள். அவர்தம் எண்ணிக்கை எக்காலத்தும் சில ஆயிரத்தைத் தாண்டியதில்லை. பசுமலையின் பள்ளத்தாக்குகளும் குகைகளும் அவர்களுக்கு அரணாயின. குலவாரியாகப் பிரிந்த சிறு படைகளை உமர் முக்தார் ஒரே கட்டுக்கோப்பில் இணைத்தார். எதிர்பாராத இடத்தில் தாக்குதல், தாக்கியதும் கலைதல், மீண்டும் வேறோரிடத்தில் கூடுதல் என்பது அவர் கையாண்ட முறை. 1927 மார்ச்சில் ரஹீபா என்னுமிடத்தில் இத்தாலியப் படையணி ஒன்று பெருஞ்சேதத்துக்குள்ளாயிற்று.

பகலில் இத்தாலியர் ஆண்டனர். இரவில் உமர் முக்தார் ஆண்டார். இத்தாலியருக்குப் பணிந்ததாகக் காட்டிக்கொண்ட ஊர்களிலும் அவருக்கு உணவும் ஆளும் செய்தியும் கமுக்கமாகச் சென்று சேர்ந்தன. மார்க்க வரியும் முறையாகச் செலுத்தப்பட்டது. அவர் வழக்குகளைத் தீர்த்தார், கணக்கு வைத்தார். ஓர் ஆசிரியரின் ஒழுங்கு அப்படையில் இருந்தது.

இத்தாலியப் படையில் போரிட்டோரில் பெரும்பாலோர் இத்தாலியர் அல்லர் என்பதும் எண்ணத்தக்கது. எரித்திரியா நாட்டிலிருந்து கொணரப்பட்ட கூலிப்படையினரே முன்வரிசையில் நிறுத்தப்பட்டனர். அடிமைப்பட்ட ஒரு நாட்டின் ஏழையைக் கொண்டே மற்றொரு நாட்டின் ஏழையைச் சுடுவது ஏகாதிபத்தியத்தின் பழைய சூழ்ச்சியன்றோ!

பேச்சும் பிளவும்

1929 ஜனவரியில் படோக்லியோ என்னும் தளபதி லிபியா முழுமைக்கும் ஆளுநரானார். அவ்வாண்டு ஜூனில் உமர் முக்தாருடன் நேரில் பேச்சு நடத்தினார். போர் நிறுத்தம் ஏற்பட்டது. உமர் முக்தார் பணிந்துவிட்டார் என்று இத்தாலியர் உலகறியப் பரப்பினர். அவருக்கு ஊதியமும் வசதியான வாழ்வும் தருவதாக ஆசை காட்டப்பட்டது. அவர் எதற்கும் இசையவில்லை. தம் மக்களின் மார்க்கம், நிலம், தன்னாட்சி ஆகியவற்றுக்கு உறுதி கேட்டார். அது கிடையாது எனத் தெளிவானதும், தாம் பணிந்ததாகக் கூறுவது பொய்யென எகிப்திய நாளேடுகள் வாயிலாக அறிவித்துவிட்டு அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் போர்க்களம் புகுந்தார்.

முள்வேலிக்குள் ஒரு சமுதாயம்

1930 மார்ச்சில் ரோடோல்ஃபோ கிராசியானி என்னும் தளபதி சைரெனைக்காவின் துணை ஆளுநராக வந்தார். மீனைப் பிடிக்க இயலாவிடில் குளத்தையே வற்றச் செய்வது என்னும் முடிவுக்கு அவரும் படோக்லியோவும் வந்தனர். ஸாவியாக்கள் மூடப்பட்டன, அவற்றின் சொத்துகள் பறிமுதலாயின, ஷைகுமார் நாடு கடத்தப்பட்டனர். விமானத்தில் பறந்து வந்து, அன்றே விசாரித்து, அன்றே கொல்லும் பறக்கும் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. போரில் நச்சு வாயுவைப் பயன்படுத்துவதில்லை என்ற ஜெனீவா ஒப்பந்தத்தை இத்தாலி 1928இல்தான் உறுதி செய்திருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1930 ஜூலை இறுதியில், தாசர்போ பாலைச்சோலையின் மேல் அதே இத்தாலியின் விமானங்கள் கடுகு வாயுக் குண்டுகளை வீசின.

இவையனைத்தினும் கொடியது மக்களை வேரோடு பெயர்த்தமை. 1930 கோடை தொடங்கி, பசுமலையிலும் அதனைச் சூழ்ந்தும் வாழ்ந்த ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள், பெண்டு பிள்ளைகளோடும் மந்தைகளோடும் பாலைவெளியில் நடத்திச் செல்லப்பட்டனர். சைரெனைக்கா மக்கள்தொகையில் இது ஏறத்தாழப் பாதி. அல்-அகைலா, அல்-மக்ரூன், சுலூக் முதலிய இடங்களில் முள்வேலியிட்ட முகாம்களில் அவர்கள் அடைக்கப்பட்டனர். பசியும் நோயும் அவர்களைத் தின்றன. மேய்ச்சல் நிலம் இழந்த மந்தைகளில் பெரும்பகுதி மடிந்தது. இறந்தோர் 40,000க்குக் குறையார் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு; அதனினும் மிகுதி என்போரும் உளர். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்தவை இவை என்பதை மாணவச் செல்வங்கள் கருத்தில் இருத்த வேண்டும்.

1931 ஜனவரியில் குஃப்ரா வீழ்ந்தது. அவ்வாண்டே எகிப்திய எல்லையில், கடலோரம் முதல் ஜக்பூப் வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளத்துக்கு முள்வேலி எழுப்பப்பட்டது. உணவும் மருந்தும் வரும் வழி அடைபட்டது. அக்கால அளவில்தான், இஸ்லாத்தைத் தழுவிய ஆஸ்திரியரான முகம்மது அசத், சனூசித் தலைவரின் தூதராக மறைவழியே மலைக்குச் சென்று உமர் முக்தாரைச் சந்தித்தார். எகிப்துக்கு வந்துவிடுமாறு தாம் வேண்டியதையும், அம்முதியவர் அதற்கு இணங்காததையும் 1954இல் வெளியான தம் நூலில் அவர் பதிவு செய்துள்ளார். வெற்றி கிட்டாது என்பதை உமர் முக்தார் அறிந்தே இருந்தார். அறிந்தும் நின்றார் என்பதே அவர் பெருமை.

இறுதி ஆறு நாள்கள்

1930 அக்டோபரில் நடந்த ஒரு மோதலில் உமர் முக்தாரின் மூக்குக்கண்ணாடி தவறி விழுந்து இத்தாலியர் கையில் சிக்கியிருந்தது. அதன்பின் ஓராண்டு கூட நிறையவில்லை. 1931 செப்டம்பர் 11ஆம் நாள் ஸ்லன்தா என்னும் ஊருக்கருகே அவருடைய சிறு குழு சுற்றிவளைக்கப்பட்டது. அவர் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு வீழ்ந்தது. காயமுற்ற நிலையில் அவர் பிடிபட்டார். கடல்வழியே பெங்காசிக்குக் கொண்டு செல்லப்பட்டார். செய்தியறிந்து இத்தாலியிலிருந்து விரைந்து திரும்பிய கிராசியானி 15ஆம் நாள் காலையில் அவரைத் தம்முன் வரவழைத்தார். கைவிலங்கிட்ட அம்முதியவரின் நிமிர்வையும் அமைதியையும் கிராசியானியே பின்னர்த் தம் நூலில் மறைக்காது எழுத நேர்ந்தது.

அன்று மாலையே விசாரணை. முடிவு முன்னரே முடிவாகிவிட்டது. மரண தண்டனை வழங்கப்படும் என்பதையும், அது பெரிய முகாம் ஒன்றில் நிறைவேற்றப்பட வேண்டும் என்பதையும் படோக்லியோ ஒரு நாள் முன்பே தந்தி வாயிலாகத் தெரிவித்திருந்தமையை இத்தாலிய ஆவணங்கள் காட்டுகின்றன. அவர் சார்பில் வாதிட அமர்த்தப்பட்ட லொந்தானோ என்னும் இத்தாலிய அதிகாரி, உமர் முக்தார் இத்தாலிக்கு ஒருபோதும் பணிந்தவரல்லர் என்றும், எனவே அவரைக் கலகக்காரராகக் கருதாமல் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும் என்றும் துணிந்து வாதிட்டார். அந்த நேர்மைக்காக அவர் தண்டிக்கப்பட்டார். வல்லாட்சியில் ஒரு வழக்குரைஞர் தம் கடமையைச் செய்வதும் குற்றமே. உமர் முக்தார் தாம் போரிட்டதை மறுக்கவில்லை, மன்னிப்பும் வேண்டவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

மறுநாள், 1931 செப்டம்பர் 16ஆம் நாள் காலை, சுலூக் முகாமில் ஏறத்தாழ 20,000 கைதிகள் கூட்டி நிறுத்தப்பட்டனர். அவர்தம் கண்முன்னே, எழுபதைக் கடந்த அந்த ஆசிரியர் தூக்கிலிடப்பட்டு ஷஹீதானார். அக்கூட்டத்தில் அவரிடம் ஓதக் கற்றவர்களும், அவரிடம் கற்றவர்களின் மக்களும் இருந்திருப்பர். 1932 ஜனவரியில் கிளர்ச்சி முற்றும் அடங்கியதாகப் படோக்லியோ அறிவித்தார்.

உலகின் மௌனம்

அன்று ஜெனீவாவில் சர்வதேச சங்கம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் ஆட்சிக் குழுவில் இத்தாலி ஒரு நிரந்தர உறுப்பினர்! முகாம்களைப் பற்றிக் கேட்பார் இல்லை. குடியேற்ற நாட்டில் நடப்பது உடையவனின் வீட்டுக் காரியம் என்பதே வல்லரசுகளின் எண்ணம். எகிப்திலும் சிரியாவிலும் மக்கள் கொதித்தெழுந்தனர். அரபுக் கவியரசர் அகமது ஷவ்கி இரங்கற்பா இயற்றினார். ஐரோப்பியத் தலைநகரங்களிலோ முசோலினி இன்னும் ஒழுங்கை நிலைநாட்டிய மாமனிதராகவே போற்றப்பட்டார்.

நம் நாட்டார் நிலை என்ன? முசோலினியின் விருந்தினராக 1926இல் இத்தாலி சென்ற இரவீந்திரநாத் தாகூர், பின்னர் உண்மையறிந்து பாசிசத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1936இல் ரோமாபுரி வழியே தாயகம் திரும்பிய ஜவஹர்லால் நேரு, முசோலினி விடுத்த அழைப்பை ஏற்று அவரைக் காண உறுதியாக மறுத்தார். இவை நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்க செய்திகள்.

லிபியாவில் கேள்வி கேட்கப்படாதவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1935இல் எத்தியோப்பியா மீது போர் தொடுத்தபோது அங்கும் நச்சு வாயு வீசப்பட்டது. தளபதிகளும் அதே படோக்லியோவும் கிராசியானியுமே. முகாம்களை அமைத்த அதே முசோலினி, 1937 மார்ச்சில் திரிப்போலிக்கு வந்து, இஸ்லாத்தின் வாள் என்று பெயரிட்ட வாளொன்றை உயர்த்திப் பிடித்து, முஸ்லிம்களின் காவலராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். சமயத்தின் பெயரால் முகத்துதி செய்யும் அரசியலாரை எடைபோட வேண்டிய கல் எது என்பதைச் சுலூக் மண் நமக்குச் சொல்லும்.

வரலாற்றின் தீர்ப்பு

உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டுப் பத்தாண்டுகள் நிறையுமுன்னே, 1941 பிப்ரவரியில், கிராசியானியின் பெரும்படை அதே சைரெனைக்காவில் பிரிட்டிஷ் படையிடம் முற்றாகச் சிதைந்தது. ஏறத்தாழ 1,30,000 பேர் கைதாயினர். 1943 ஜூலையில் முசோலினி பதவியிழந்தார். 1945 ஏப்ரல் 28ஆம் நாள் சொந்த நாட்டு மக்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1951 டிசம்பர் 24ஆம் நாள் லிபியா விடுதலை பெற்றது.

ஆனால் வரலாறு எல்லாக் கணக்கையும் நேர் செய்துவிடுவதில்லை. கிராசியானிக்கு 1950இல் 19 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதுவும் ஜெர்மானியரோடு ஒத்துழைத்ததற்காக. சில மாதங்களிலேயே விடுதலையும் கிடைத்தது. லிபிய முகாம்களுக்காக எவரும் விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. உமர் முக்தாரின் வரலாற்றைக் கூறும் திரைப்படம் 1981இல் வெளிவந்தபோது இத்தாலியில் அது திரையிடப்படாது தடுக்கப்பட்டது. 2008 ஆகஸ்டில்தான் இத்தாலிய அரசு லிபியாவிடம் முறைப்படி வருத்தம் தெரிவித்து, 500 கோடி டாலர் ஈடு தர இசைந்தது. அதற்குள் முகாம்களில் துன்புற்றோரில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

அன்னாரின் வாழ்விலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் இரண்டு. வல்லாட்சி ஒரே நாளில் வானத்திலிருந்து குதிப்பதன்று. விலைவாசியை அஞ்சியும், அண்டை வீட்டானை அஞ்சியும், ஒழுங்கு வந்தால் போதும் என்று மக்கள் தாமே வாயிலைத் திறந்து விடுகின்றனர். அதன் முதற்கொடுமை நமக்குத் தொலைவில், நாம் பெயரறியாத மக்களின் மேல் விழும்போது வாளாவிருந்தால், அடுத்து அது நம் வாயிலுக்கு வரும். இது முதற்படிப்பினை.

மற்றொன்று ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. உமர் முக்தார் போர்க் கல்லூரியில் பயின்றவர் அல்லர். அவர் கற்றதும் கற்பித்ததும் ஒரே நூல். கற்றபின் அதற்குத் தக நிற்க வேண்டும் என்பதை அவர் தம் எழுபதாம் வயதிலும் மறந்தாரல்லர். பொன்னும் பதவியும் காட்டி அழைத்தபோதும், எல்லை கடந்தால் உயிர் பிழைக்கலாம் என்றபோதும், கற்ற கல்வி அவரை நிறுத்தியது. அவர் அடங்கியுள்ள சுலூக் இன்றும் சிற்றூரே. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய தெருக்களும் பள்ளிகளும் அரபு நாடுகள் எங்கும் உள்ளன. தூக்குக் கயிறு ஓர் ஆசிரியரின் மூச்சை நிறுத்தலாம். அவர் நடத்திய பாடத்தை நிறுத்த இயலாது.